வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

தொண்ணூறுகளின் கடைசியில் புதுச்சேரிக்குத் தெற்கே, வீராம்பட்டினம் மீனவர் குடியிருப்பில் ஓர் ஒலிபெருக்கி தினமும் கடலைப் பற்றிப் பேசத் தொடங்கியது. அடுத்த 24 மணி நேரத்தில் அலை எவ்வளவு உயரம் எழும்பும், காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று அது தமிழில் சொன்னது. அந்தக் கணக்கைப் போட்டது அமெரிக்கக் கடற்படை. தன் கப்பல்களுக்காகப் போட்டு, யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் வைத்திருந்தது. வில்லியனூரில் ஒரு சிறு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த சிலர் தொலைபேசிக் கம்பி வழியாக அந்தப் பக்கத்தைத் திறந்து, வங்கக் கடலின் இந்த ஓரத்துக்கான எண்ணை மட்டும் தேடியெடுத்து, தமிழாக்கி, குரலாகப் பதிந்து கடற்கரைக்கு அனுப்பினார்கள். கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் தொழிலுக்குப் போகிறவர்கள் வலையைச் சரிபார்த்தபடியே அதைக் கேட்டார்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள்.

கேட்டவர்களில் யாரும் கணினியைத் தொடவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

தொண்டு நிறுவனங்கள் இணையத்தைக் கையிலெடுத்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கணினி, மென்பொருள், இணைப்பு வேகம் என்ற வரிசையில் எழுதுவார்கள். தமிழ்பேசும் நிலத்தில் அந்த வரலாற்றை ஒலிபெருக்கியிலிருந்து தொடங்குவதே நியாயம். இங்கே நிலைத்த பலன் தந்த ஒவ்வொரு முயற்சியிலும் இணையம் பாதி வழிதான் வந்திருக்கிறது. மீதி வழியை ஒரு மனிதக் குரல் நடந்து கடந்திருக்கிறது.

வில்லியனூர் அலுவலகத்தை நடத்தியது சென்னை தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி சுவாமிநாதன், 1987இல் முதல் உலக உணவுப் பரிசைப் பெற்று, அந்தப் பணத்தை முதலாக வைத்து 1988இல் இதைத் தொடங்கினார். புதிய நெல், கோதுமை விதைகள் நாட்டின் பசியைக் குறைத்தபோதும், அந்த மாற்றம் சிறு விவசாயியையும் நிலமற்றவரையும் ஒரே அளவில் எட்டவில்லை என்பதை அவர் கண்கூடாகப் பார்த்தவர். தகவல் தொழில்நுட்பத்திலும் அதே கதை நடந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. 1992இலேயே, எட்டாதவர்களை இந்தத் தொழில்நுட்பம் எப்படி எட்டும் என்பதைப் பேச அவரது நிறுவனம் சென்னையில் ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. அப்போது இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையமே வரவில்லை.

உலகின் வேறு மூலைகளில் தொண்டு அமைப்புகள் அதற்குள் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளப் பழகியிருந்தன. எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில் பீஸ்நெட், ஈகோநெட், லண்டனில் கிரீன்நெட் என்று அமைதி இயக்கத்தாரும் சூழலியலாளரும் தங்களுக்கென்று கணினி வலைகளைக் கட்டிக்கொண்டார்கள். பிரேசில், நிகரகுவா, கனடா, சுவீடன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் வலைகளும் சேர, 1990இல் ஏ.பி.சி. என்ற உலகக் கூட்டமைப்பு உருவானது. 1992இல் ரியோ டி ஜெனிரோ புவி மாநாட்டில் தொண்டு அமைப்புகளுக்குக் கணினித் தொடர்பு தந்தது இந்தக் கூட்டமைப்புதான். 1995இல் பெய்ஜிங் பெண்கள் மாநாட்டில் முழுக்கப் பெண்களே அடங்கிய ஒரு குழு அதே வேலையைச் செய்தது. இவை பெரிய சாதனைகள். ஆனால் அவற்றால் பேசிக்கொண்டவர்கள் அமைப்புகளின் அலுவலர்கள். அவர்கள் யாருக்காக உழைத்தார்களோ அந்த மக்கள் அந்தத் திரையின் முன்னால் உட்காரவில்லை.

இந்தியாவில் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொது இணையச் சேவையைத் தொடங்கியது. பெருநகரங்களில் மட்டும், மெதுவான தொலைபேசி இணைப்பில், நடுத்தரக் குடும்பமும் எட்டிப் பார்த்துத் திரும்பிவிடும் கட்டணத்தில். தமிழுக்கு இன்னொரு தடையும் இருந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டில் ஓடியது. ஒரு கணினியில் தட்டிய தமிழ் அடுத்த கணினியில் கட்டமும் கோடுமாகத் தெரிந்தது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடிய பிறகுதான் விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு பிறந்தது. வில்லியனூர்த் திட்டம் தொடங்கியது 1998இல். எழுத்தே ஒழுங்குக்கு வராத காலத்தில் கிராமத்துப் பெண்கள் கணினியில் தமிழ் தட்டக் கற்றார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையம் பணம் கொடுத்தது. வி.பாலாஜி திட்டத்தை வழிநடத்தினார். தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் சிந்தனைத் துணையாகவும், திட்டத்தை உலகத்துக்கு எடுத்துச் சொல்கிறவராகவும் இருந்தார். இவர்கள் கணினியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போகவில்லை. முதலில் கேட்கப் போனார்கள். இந்த ஊரில் யாருக்கு எந்தச் செய்தி தேவை? இப்போது அது யாரிடமிருந்து வருகிறது? ஊர்க்காரர்களையே சேர்த்துக்கொண்டு நடத்திய அந்த விசாரிப்பில், உரக்கடைக்காரரும் தரகரும் சந்தையில் சந்திக்கும் அறிமுகங்களும் அக்கம்பக்கமும்தான் ஊரின் செய்தி ஊற்றுகள் என்று தெரிந்தது. விலையைச் சொல்கிறவரே வாங்குகிறவராகவும் இருந்தால் விவசாயிக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு நிபந்தனைகள். கணினியோடு ஓர் அறிவு மையம் வேண்டும் என்று ஊர்தான் கேட்க வேண்டும். இடத்தை ஊர் தர வேண்டும். நடத்துவதற்கு ஆட்களை ஊரே தேர்ந்து தர வேண்டும். அவர்களில் பெண்கள் இருந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் சாதியாரும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். கருவிகளையும் பயிற்சியையும் நிறுவனம் தரும்.

கடைசி நிபந்தனை காகிதத்தில் எழுத எளிது, நடைமுறையில் கடினம். தமிழ் ஊர்களில் செய்தி எந்த வழியாக ஓடியது என்பதிலேயே சாதி இருக்கிறது. தண்டோரா போடுகிற வேலை ஒடுக்கப்பட்டவர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. செய்தியை ஊர் முழுக்கச் சுமந்து சொன்னவருக்கு அந்தச் செய்தி முடிவான கூட்டத்தில் இடம் கிடையாது. தண்டோரா முறையை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டதே 2022 ஆகஸ்டில்தான். இப்படிப்பட்ட நிலத்தில், 1998இலேயே, எல்லோரும் உள்ளே வரும் ஓர் அறை வேண்டும் என்று கேட்டது துணிச்சல்தான். நிபந்தனையை மீறிய இடங்களில் மையம் மூடப்பட்டது, அல்லது இடம் மாறியது. தனியார் வீட்டில் வைத்தால் வீட்டுக்காரரின் சொத்தாகிவிடுகிறது, கட்சிக்காரர் இடத்தில் வைத்தால் எதிர்க்கட்சிக்காரர் வாசலோடு நின்றுவிடுகிறார் என்ற பாடங்களையும் திட்டம் அப்படித்தான் கற்றது.

ஏம்பலம் என்ற ஊரில் மையம் அமைந்தது கோயில் கட்டடத்தில். கோயிலுக்குள் எல்லோரும் நுழைய முடியாத காலம். ஆனால் அதே கட்டடத்தில், தனி வாசல் கொண்ட கணினி அறைக்குள் தலித் மக்களும், மாதவிலக்கு நாட்களில் பெண்களும் வந்துபோனார்கள். 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஏம்பலத்தைப் பற்றி விரிவாக எழுதியபோது இந்த இரண்டு வாசல்களைத்தான் முதலில் கண்டது. கணினியால் சாதி அழிந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தாலும், ஊர் தன் கையால் திறந்துவிட்ட ஒரு பொது வாசல் அது.

கருவிகளின் கதையும் சுவையானது. வில்லியனூர் நடுமையத்தில் மட்டும் இணையத் தொலைபேசி இணைப்பு. அங்கிருந்து ஊர்களுக்குக் கம்பி நம்பகமாக இல்லாததால், காவல்துறை வாகனங்களில் இருப்பது போன்ற இருவழி வானொலிக் கருவிகளைப் பொருத்தினார்கள். பேச்சும் அதில்தான், தரவும் அதில்தான். மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாததால் கூரைமேல் சூரியத் தகடுகள் ஏறின. கிடைத்த துண்டு துணுக்குகளையெல்லாம் சேர்த்துக் கட்டிய வலை அது. வானொலியும் கம்பியும் கலந்த இந்த அமைப்புக்கு 1999இல் மோட்டரோலா நிறுவனத்தின் தங்க விருதும், 2001இல் திட்டம் முழுமைக்குமாக ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் கிடைத்தன.

விருதைவிட முக்கியம், அந்த வலையில் என்ன ஓடியது என்பது. நெல் விலை, விதையும் உரமும் எங்கே கிடைக்கும், பேருந்து நேரம், எந்த மருத்துவமனையில் எந்த மருத்துவர் எந்த நாளில் இருப்பார், கரும்பு நோய்க்கு மருந்து, மாட்டுக்கு வைத்தியம், அரசு வேலை அறிவிப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு. இணையத்தில் இவற்றில் பெரும்பாலானவை இருக்கவே இல்லை. மையங்களை நடத்திய தொண்டர்களே ஊர் ஊராக அலைந்து, அலுவலகங்களின் படியேறி, விசாரித்துத் தொகுத்தார்கள். வெளியிலிருந்து இறக்கிய தகவலைவிட உள்ளே விளைந்த தகவலே மிகுதி. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களின் பட்டியல் மையத்தில் பார்வைக்கு வந்ததும், தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்க ஊரில் ஆள் வந்துவிட்டார். அலுவலக அலமாரியில் கிடந்தவரை அந்தப் பட்டியலை யார் கேள்வி கேட்டிருக்க முடியும்?

கீழூர் என்ற இன்னொரு ஊரில் ஒரு பெண்ணின் பசு ஈன முடியாமல் துடித்தது. கால்நடை மருத்துவர் எங்கே கிடைப்பார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மையத்தில் சொன்னார்கள், தொண்டர் கணினிப் பட்டியலைப் பார்த்து மருத்துவரைப் பிடித்தார், கன்று பிழைத்தது. கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு ஒரு பசு என்பது சேமிப்பு, காப்பீடு, மாத வருமானம் எல்லாம்தான். இந்த ஒரு தகவலின் மதிப்பை எந்த மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுவது?

வீராம்பட்டினத்துக்குத் திரும்புவோம். கடலோடிகளுக்குக் கடலைப் பற்றி இன்னொருவர் சொல்லித் தருவது எளிய காரியமா? வாடைக் காற்றும் கச்சான் காற்றும் எப்போது திரும்பும், நீவாடு என்ற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், வானத்தின் நிறம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவு. அந்த அறிவோடு போட்டி போடாமல், அதன் பக்கத்தில் ஓர் எண்ணைக் கொண்டுபோய் வைத்தது திட்டத்தின் பணிவு. கேட்ட எண்ணைத் தாங்கள் பார்த்த அலையோடு மீனவர்கள் நாளுக்கு நாள் ஒப்பிட்டார்கள். ஒத்துவந்தது. அதற்குப் பிறகே நம்பினார்கள். ஒலிபெருக்கி வைக்கும் யோசனையும் ஊரின் வாழ்க்கையிலிருந்து வந்ததுதான். விடியலுக்கு முன்னால் கடலுக்குக் கிளம்புகிறவர் மைய வாசலில் வரிசையில் நின்று திரையைப் பார்த்துவிட்டா போவார்?

மையத்துக்கு வராதவர்களுக்காக வில்லியனூரிலிருந்து 'நம்ம ஊரு செய்தி' என்ற மாதமிருமுறை இதழும் வந்தது. ஊர்த் தொண்டர்கள் சேர்த்த செய்திகளே அதன் சரக்கு. அரசுத் துறைகளும் தங்கள் அறிவிப்புகளை அதில் தரத் தொடங்கின. இணையத்தில் இறக்கி, காகிதத்தில் அச்சிட்டு, கையில் கொடுப்பது பிற்போக்கு என்று நகரத்தில் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். டீக்கடைப் பெஞ்சில் ஒரு தாள் எத்தனை கை மாறும் என்பது ஊர்க்காரருக்குத் தெரியும்.

இதே காலத்தில் இலங்கையில் இதற்கு ஓர் உடன்பிறப்பு வளர்ந்துகொண்டிருந்தது. மகாவலித் திட்டத்துக்காக இடம்பெயர்ந்தவர்களுக்கென்று கொத்மலையில் தொடங்கிய சமூக வானொலியில், யுனெஸ்கோ உதவியோடு 1998 வாக்கில் இணையம் வந்தது. கேட்பவர்கள் கேள்வி அனுப்புவார்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் இணையத்தில் தேடி, அவர்கள் மொழியில் வானொலியிலேயே பதில் சொல்வார். மலைநாட்டில் ஒரு கணினி, ஆயிரக்கணக்கான காதுகள். வில்லியனூரும் கொத்மலையும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை இல்லை. ஒரே கஷ்டம் ஒரே விடையைத் தேடிக்கொண்டது.

பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நல்லவாடு மீனவ ஊரிலும் ஒரு மையம் இருந்தது. விடுமுறை என்பதால் பூட்டியிருந்தது. அந்த மையத்தில் முன்பு தொண்டராக இருந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் இந்தோனேசியக் கடற்கரையைப் பேரலை தாக்கிய செய்தியைப் பார்த்தார். உடனே ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் நீர் ஊருக்குள் ஏறுகிறது என்று வீட்டார் சொல்ல, எல்லோரையும் ஓடச் சொல்லுங்கள் என்று கதறினார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே நுழைந்து ஒலிபெருக்கியைப் போட்டார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் அது. வீடுகள் இடிந்தன, படகுகள் சிதைந்தன, வலைகள் போயின. மக்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். கடலூரும் நாகப்பட்டினமும் அன்று கொடுத்த உயிர்களின் கணக்கைத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும்.

அந்தக் காலையில் இணையம் எதுவும் செய்யவில்லை. சிங்கப்பூர்த் தொலைக்காட்சி, ஒரு தொலைபேசி, ஒரு பூட்டு, ஓர் ஒலிபெருக்கி. ஆனால் ஆபத்து என்றதும் ஓட வேண்டிய இடம் மையம் என்பதும், அந்தக் குழாயில் வரும் குரலை நம்பலாம் என்பதும் அந்த ஊருக்கு முன்பே பழகியிருந்தது. அந்தப் பழக்கத்துக்கு ஆண்டுக்கணக்கான தினசரி அறிவிப்புகள் தேவைப்பட்டன. பேரிடர் எச்சரிக்கைக் கருவிக்குக் கோடிகளை ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நாள்தோறும் நெல் விலையும் பேருந்து நேரமும் சொல்லாத குழாய், பேரலை நாளில் கூவினால் எத்தனை பேர் எழுந்து ஓடுவார்கள்? நிவாரணம் வந்தபோதும் மையத்தில் இருந்த குடும்பக் கணக்கும் படகுக் கணக்கும் கைகொடுத்தன.

சுனாமிக்கு முன்பே திட்டம் நாடு தழுவிய கனவாக மாறியிருந்தது. சுதந்திரத்தின் 60ஆம் ஆண்டான 2007க்குள் ஊருக்கு ஓர் அறிவு மையம் என்ற முழக்கத்தோடு சுவாமிநாதன் 2004இல் ஒரு தேசியக் கூட்டணியைக் கட்டினார். தொண்டு நிறுவனங்கள், கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள், அரசுத் துறைகள் எல்லாம் சேர்ந்தன. 2005–06 வரவுசெலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் ப.சிதம்பரம் அதைக் குறிப்பிட்டு, வேளாண் வளர்ச்சி வங்கியான நபார்டு வழியாக 100 கோடி ரூபாய் என்று அறிவித்தார். ஆறு லட்சம் கிராமங்கள். இலக்கு எட்டப்படவில்லை. 2006இல் மத்திய அரசு பொதுச் சேவை மையத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது: ஆறு ஊருக்கு ஒன்றாக ஒரு லட்சம் மையங்கள்.

இன்று தெருமுனைகளில் பார்க்கும் பொதுச் சேவை மையம் அந்த வழியில் வந்ததுதான். ஆதார் திருத்தம், சான்றிதழ், கட்டணம் செலுத்துதல் என்று அது செய்யும் வேலை சிறியதில்லை. ஆனால் ஒன்றைக் கைவிட்டுவிட்டது. தொழில்முனைவோர் ஒருவர் கட்டணம் வாங்கி நடத்தும் கடை அது. ஊருக்கு எது தேவை என்று கேட்கப் போவதும், செய்தி சேர்ப்பதும், காசில்லாதவரை உட்காரவைத்துப் பேசுவதும் அந்தக் கணக்கில் வருமானம் தராத வேலைகள்.

லாபமே தாங்கிப் பிடிக்கும் என்ற நம்பிக்கையும் மதுரைப் பக்கத்தில் சோதிக்கப்பட்டது. 2001இல் மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து, கிராம இணைய மையங்கள் திறக்கப்பட்டன. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் கூட்டாளிகள். அரவிந்த் கண் மருத்துவமனை அங்கிருந்து வலைக்கேமரா வழியாகக் கண்நோயாளிகளைப் பார்த்தது அருமையான முயற்சி. ஆனால் சில ஆண்டுகளில் பெரும்பாலான மையங்கள் மூடிவிட்டன. வருமானம் போதவில்லை, பழுதுபார்க்கவும் துணைநிற்கவும் ஆதரவு தொடரவில்லை என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. நன்கொடையில் ஓடிய புதுச்சேரி மையங்களுக்கும் அதே கேள்வி தலைமேல் தொங்கியது: நிதி நின்றால்? ஊர்ப் பள்ளிக்கூடம் லாபம் தருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. அறிவு மையத்தை மட்டும் தன் காலில் நில் என்று சொல்வது நியாயமில்லை என்று சுவாமிநாதனின் வழிவந்தவர்கள் வாதாடினார்கள். அந்த வாதத்தில் வலு இருக்கிறது.

செய்தி சொல்வதோடு நில்லாமல் கற்பிக்கவும் முடியுமா என்ற அடுத்த கேள்விக்கு 2003இல் ஜம்ஷெட்ஜி டாடா தேசிய மெய்நிகர் கழகம் விடை தேடியது. ஊரிலேயே இருந்து ஊருக்குச் சொல்லித் தரும் ஆணையும் பெண்ணையும் தேர்ந்து அவர்களைக் கழகத்தின் உறுப்பினராக்கியது. பல்கலைக்கழகப் பட்டம் கேட்கவில்லை. 2004 அக்டோபர் 18 அன்று இஸ்ரோவும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கிராம வள மையங்களைப் பிரதமர் மன்மோகன் சிங் தில்லியிலிருந்தபடியே தொடங்கிவைத்தார். திருவையாறு, திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டி, ராமேசுவரத் தீவின் தங்கச்சிமடம் ஆகிய மூன்று இடங்களும் செயற்கைக்கோள் வழியாக இணைந்தன. தங்கச்சிமடத்து மீனவப் பெண் சென்னையில் இருக்கும் விஞ்ஞானியின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார். நாடு முழுக்க இப்படிப்பட்ட மையங்கள் பின்னர் நானூற்றைத் தாண்டின.

கற்றல் என்ற வகையில் மிக அழகான சோதனை தேனி மாவட்டத்தில் நடந்தது. அதைப் பற்றிப் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது பெரிய குறை. கனடாவின் வான்கூவர் பக்கத்தில் இயங்கும் காமன்வெல்த் கற்றல் அமைப்பு, 2004 வாக்கில் விவசாயிகளுக்கான வாழ்நாள் கற்றல் என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டில் தொடங்கியது. தேனியில் அதன் பங்காளி 'விடியல்' என்ற தொண்டு நிறுவனம். சுயஉதவிக் குழுப் பெண்கள் ஆடு வளர்க்க வங்கிக் கடன் கேட்டார்கள். அந்தக் கடனுக்குள் ஆடுகளோடு காப்பீடும், ஒரு கைபேசியும் சேர்ந்தன. சுமார் 300 பெண்களோடு தொடங்கினார்கள். நாள்தோறும் சில குறுகிய குரல் பாடங்கள் கைபேசிக்கு வரும்: எந்தப் பருவத்தில் எந்தத் தடுப்பூசி, குட்டி ஈனும்போது என்ன கவனிக்க வேண்டும், தீவனத்தில் எதை எவ்வளவு, சந்தையில் எப்படி விலை பேசுவது. கால்நடைப் பல்கலைக்கழகத்தார் தந்த பொருளை, ஆடு வளர்க்கும் பெண்கள் பேசும் பேச்சில் மாற்றினார்கள். மேய்ச்சலில் ஆட்டுக்குப் பின்னால் நடந்தபடியே கேட்டார்கள். மாலையில் கூடி, கேட்டதைத் தங்களுக்குள் விவாதித்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் வங்கியைச் சேர்த்ததுதான் நுட்பம். கற்றவர் நன்றாக ஆடு வளர்ப்பார், கடன் திரும்பி வரும் என்று வங்கிக்கு ஒரு காரணம் கிடைத்தது. கடன் இருப்பதால் கற்றுக்கொள்ளப் பெண்களுக்கு ஓர் உடனடித் தேவை இருந்தது. சான்றிதழுக்காகக் கற்கிற வகுப்புகளில் பாதியில் விடுகிறவர்கள் ஏராளம். தன் கொட்டகையில் நிற்கும் ஒன்பது ஆட்டுக்காகக் கற்கிறவர் ஏன் விடப் போகிறார்? தேனியில் கற்ற பாடம் பிறகு இலங்கை, கென்யா, உகாண்டா, ஜமைக்கா, பாப்புவா நியூ கினி வரை போனது. புதுச்சேரித் திட்டத்தை வழிநடத்திய பாலாஜியும் ஐதராபாத் அருகே இக்ரிசாட் நிறுவனத்தில் வறண்ட நில விவசாயிகளுக்கான இணையக் கல்வியில் பணியாற்றிவிட்டு, அதே காமன்வெல்த் அமைப்பில் போய்ச் சேர்ந்தார்.

கடற்கரையில் ஒலிபெருக்கியின் வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டது 2007 முதல். மீனவ நண்பன் என்று பொருள்படும் செயலியைச் சுவாமிநாதன் நிறுவனமும் குவால்காமும் சேர்ந்து தமிழில் உருவாக்கின. அமெரிக்கக் கடற்படையின் எண்ணுக்குப் பதிலாக, ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் கணிப்பு வந்தது. அலை, காற்று, மீன் கூடும் இடம், சந்தை விலை, பின்னர் சர்வதேச எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை. ராமேசுவரத்துக்காரருக்கு இந்தக் கடைசி வசதி எவ்வளவு பெரியது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆனால் கரையிலிருந்து சில மைல் போனால் கைபேசிக்குச் சமிக்ஞை கிடையாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியபோது, தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் அரபிக்கடலின் நடுவில் இருந்தார்கள். வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. கரையில் பெண்கள் தேவாலய வாசலில் படங்களோடு உட்கார்ந்து, தேடுங்கள் என்று அரசிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நல்லவாட்டில் ஊர் முழுக்க எட்டிய குரல், ஆழ்கடலில் எட்டவில்லை.

அதற்குப் பிறகு 2019 அக்டோபரில் இன்காய்ஸ், ஜெமினி என்ற சிறு கருவியை வெளியிட்டது. செயற்கைக்கோளிலிருந்து செய்தியை வாங்கி, பக்கத்தில் இருக்கும் கைபேசிக்குத் தமிழிலும் பிற கரையோர மொழிகளிலும் தரும். கரையிலிருந்து வெகு தூரத்திலும் எச்சரிக்கை எட்டும் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் ஒருவழிப் பாதை. படகிலிருந்து எதையும் சொல்ல முடியாது. என் எஞ்சின் நின்றுவிட்டது, இங்கே மூன்று படகு மூழ்குகிறது, எங்களைத் தேடுங்கள் என்று சொல்ல வழி வேண்டும் என்பதுதான் குமரிக் கரையின் கோரிக்கை. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் அதற்கு விடையாக வந்தது. இஸ்ரோ வடிவமைத்த இருவழிச் செய்திக் கருவியை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்துவது அதன் இலக்கு. படகிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பவும், ஆபத்து என்று ஒரு பொத்தானை அழுத்தவும் அதில் முடியும்.